தம்பியைக் கேட்டார்கள்

பிள்ளை, விமானம் இன்றைக்குப் போகாது. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில் கொஞ்சம் பிந்தும் என்று போடுவார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் என்பார்கள், கடைசியில் நாளைக்கு என்பார்கள். வடக்கே பனிப்புயல் என்றால் அப்படித்தான். உட்காருங்கள். வின்னிபெக் விமான நிலையத்தில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டது எனக்குச் சந்தோஷம். தாதி வேலைக்கா போகிறீர்கள்? முதல் தரமா? அப்படியென்றால் உங்களுக்கு ஒரு விடுகதை போடுகிறேன். அவிழ்த்தால் தேநீர் என் செலவு. அவிழ்க்காவிட்டாலும் என் செலவுதான்.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட நன்றாக இளையவன். செத்துப்போனான். செத்த பிறகு பிறந்தான். இரட்டைப் பின்னல் போட்டிருப்பான், முன்பல் விழுந்த வாயால் என்னை அண்ணா என்று கூப்பிடுவான். அவனுக்குத் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் இல்லை. யார் அவன்?

மறுபிறப்பு என்கிறீர்களா? கிட்டத்தான் வந்தீர்கள். ஆனால் அது நம்முடைய சொல். நீங்கள் போகிற இடத்தில் அதற்கு வேறு வழக்கம் இருக்கிறது. அங்கத்தைய ஆதிக்குடிகளான இன்யூட் சனங்களிடம் ஒருவர் இறந்தால், அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. பெயர் வந்தால் பெயரோடு ஆளும் வருகிறார். நரைத்த கிழவன் தவழுகிற குழந்தையைப் பார்த்து 'அப்பா, இங்கே வா' என்று கூப்பிடுவதை நீங்கள் போனதும் காண்பீர்கள். சிரித்துவிடாதீர்கள். நான் போன புதிதில் சிரித்தேன். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒருவன் எனக்குச் செய்த துரோகத்தைச் சொல்ல வந்தேன். முதலில் இது விளங்கினால்தான் அது விளங்கும்.

நான் அங்கே மின்நிலையத்தில் வேலை. ஹட்சன் விரிகுடாக் கரையில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் உங்களுக்கு வாயில் நிற்காது. ஊருக்கு வெளியே இருந்து மின்கம்பி வராது. டீசல் எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் வீடுகள் உறைந்துபோகும். யாழ்ப்பாணத்தில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தவன் நான். கனடாவுக்கு வந்து, டொரொண்டோவில் கோப்பை கழுவி, அலுத்து, வடக்கே ஆள் தேவை என்றதும் ஏறிவிட்டேன். பரமேஸ், அதுதான் என் மனைவி, விமானத்தால் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இஞ்சருங்கோ, மரமெங்கை?' என்று கேட்டாள். ஒரு மரமும் இல்லை. இப்போதும் இல்லை.

அங்கே எனக்கு உதவியாளாகத் தந்த பெடியன்தான் பவ்லூசி. அந்த ஊரில் பிறந்தவன், நல்ல வேட்டைக்காரன். எஞ்சின் வேலையை நான்தான் அவனுக்குப் பழக்கினேன். எந்தச் சத்தம் நல்ல சத்தம், எந்தச் சத்தம் கெட்ட சத்தம், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. எல்லாம். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறாம் ஆண்டு எஞ்சின் அறைத் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஊரில் எங்கள் வீட்டுக்கு மேல் ஷெல் விழுந்துவிட்டது. அம்மா கிணற்றடியில் நின்றபடியால் தப்பினா. தம்பி நிமலன் உள்ளே இருந்தான். அவ்வளவுதான் செய்தி. நான் தொலைபேசியை வைத்தேன். பவ்லூசி ஒன்றும் கேட்கவில்லை. நான் பார்க்க வேண்டிய மானிகளையும் அவனே போய்ப் பார்த்தான், பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான். வேலை முடியும்வரை இருந்தான். ஒரு சொல் பேசவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதல். அந்த வாய் பேசாமல் இருப்பதே ஒரு நாள் என் கழுத்தை அறுக்கும் என்று யார் கண்டது.

அடுத்த நாள் அவன் மனைவி லிடியா வீட்டுக்கு வந்தாள். நிறைமாத வயிறு. சமையலறைக் கதிரையில் இருந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினாள். உன் தம்பிக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? எதற்குப் பயப்படுவான்? எப்படிச் சிரிப்பான்? பரமேசுக்கு வந்ததே கோபம். 'செத்த வீட்டிலை வந்து இதென்ன விசாரணை?' என்று தமிழில் என்னிடம் கேட்டாள். நான் சொல்லுவோமே என்று சொன்னேன். மாம்பழம் என்றால் உயிர். இடி என்றால் பயம். சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். லிடியா எல்லாவற்றையும் கேட்டு, புருவத்தை உயர்த்திவிட்டுப் போனாள். புருவத்தை உயர்த்தினால் அங்கே ஆம் என்று அர்த்தம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. தாதி வேலைக்குப் போகிறீர்கள், இதைத் தெரிந்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் நோயாளி பதில் சொல்லிவிட்டான், நீங்கள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நிமலன் என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மார்த்தா, மற்றவர்கள் எல்லோருக்கும் நிமலன். லிடியா அவளைத் தன் சட்டையின் பெரிய தொப்பிக்குள் முதுகில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இறக்கி என் மடியில் வைத்தாள். 'உன் தம்பி வந்துவிட்டான். கனதூரத்திலிருந்து வந்திருக்கிறான், களைத்துப்போனான், நித்திரை கொள்ளட்டும்' என்றாள்.

நான் எஞ்சின் அறைக்குப் போய்விட்டேன். அங்கே சத்தம் அதிகம்.

அதற்குப் பிறகு, பிள்ளை, அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவ்லூசி வீட்டில் தாய் தகப்பன், சகோதரங்கள், அவர்களின் பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வெறும் அறையும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அறை அவளுடைய அறை ஆயிற்று. புட்டும் கரிபூ இறைச்சிக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தாள். கரிபூ என்றால் அங்கத்தைய மான். பரமேஸ் அதை ஆட்டிறைச்சி மாதிரித் தூள் போட்டு வைப்பாள். சின்னவள் யாழ்ப்பாணத் தமிழ் பேசினாள், உங்களைவிட நன்றாக. குறை நினைக்க வேண்டாம், நீங்கள் ஸ்கார்பரோவில் வளர்ந்த பிள்ளை.

அவள் என்னை அண்ணா என்றாள். நான் அவளைத் தம்பி என்றேன். வேறென்ன சொல்ல. ஊர் முழுக்க அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தெற்கே வைத்தியத்துக்குப் போய் வருகிறவர்கள் திரும்பி வரும்போது மாம்பழம் வாங்கி வருவார்கள். நிமலனுக்குப் பிடிக்கும் என்று. அவர்கள் யாரும் நிமலனைக் கண்டதில்லை. நான் சொல்லிக் கேட்டதுதான். ஒருநாள் அவள் ஏதோ குழப்படி செய்ய, 'வாயை மூடு' என்று ஒரு சத்தம் போட்டேன். லிடியா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. 'உன் தம்பி வளர்ந்த மனிதன். அவனிடம் அப்படியா பேசுவாய்?' என்றாள்.

'வளர்ந்த மனிதன் பாலை ஊத்திப்போட்டு நிக்கிறார், துடைக்கச் சொல்லுங்கோ' என்றாள் பரமேஸ், தமிழில். தம்பிக்குத் தமிழ் தெரியும் என்பதை மறந்துவிட்டாள். தம்பி துடைத்தாள். தோள் இரண்டும் குலுங்கச் சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

சரி. இனி அந்தப் பிரதேசத்தின் கதை.

நாங்கள் போனபோது அது கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் ஒரு மூலை. அதைத் தனியாகப் பிரித்துத் தங்கள் கையில் தர வேண்டும் என்று அந்தச் சனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூனவுட். 'எங்கள் நிலம்' என்று பொருள். வீட்டுக்கு வீடு வேட்டைத் துவக்கு இருக்கிறது, பிள்ளை. ஒன்றுகூட மனிதரை நோக்கித் திரும்பவில்லை. கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், அவர்களின் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். தங்களுக்குள்ளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரிப்பதா வேண்டாமா என்று ஒரு வாக்கெடுப்பு. எல்லைக்கோடு எங்கே என்று ஒரு வாக்கெடுப்பு. தலைநகர் எந்த ஊர் என்று ஒரு வாக்கெடுப்பு. சட்டசபையில் ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டுமா என்றுகூட ஒரு வாக்கெடுப்பு, அது தோற்றுப்போனது. எனக்குப் பிரஜாவுரிமை வந்துவிட்டது, நானும் போட்டேன். எல்லைக்கோட்டு வாக்கெடுப்புக்குத் தம்பியையும் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். என்னைவிட அதற்கு ஆசைப்பட்டவன் அந்த ஊரில் இல்லை. நம்முடைய கதை உங்களுக்குத் தெரியும்தானே. அங்கே கிடைக்காதது இங்கேயாவது யாருக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான் எழும்பிப் பேசினேன். பவ்லூசி மொழிபெயர்த்தான். எங்கள் ஊரில் தொழிற்சாலை எங்களுடைய மண்ணில் இருந்தது, சீமெந்துக்குத் தோண்டிய கல்லு எங்களுடையது, வேலை செய்தவர்கள் நாங்கள், மேலாளர்கள் மட்டும் வெளியே இருந்து வந்தார்கள் என்று சொன்னேன். எங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது, நாங்கள்தான் அவர்களின் பாஷையைப் படித்தோம். ஓர் ஊரின் எஞ்சினை அந்த ஊர் ஆள்தான் ஓட்ட வேண்டும், அந்த ஊர் ஆள்தான் அதற்கு மேலாளாகவும் இருக்க வேண்டும், வெளியாள் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி என்று சொன்னேன். கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். பவ்லூசி கடைசி வசனத்தை இரண்டு தரம் மொழிபெயர்த்தான். விளங்காதவர்களுக்காக என்று நினைத்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி பிரதேசம் பிறக்கும் என்று முடிவாகிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் புதிய அரசாங்கத்துக்கு ஆள் எடுத்தார்கள். தலைநகர் இக்காலுயிட்டில், எல்லா ஊர்களின் மின்நிலையங்களையும் மேற்பார்வை செய்ய ஒருவர் வேண்டும் என்று சொன்னார்கள். அந்த வேலை யாருக்கு? நீங்களே சொல்லுங்கள். நானும் விண்ணப்பித்தேன். பரமேசிடம் சாமான் கட்டத் தொடங்கு என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் பவ்லூசி எஞ்சின் அறைக்குள் வந்து என் காதடைப்பானைக் கழற்றினான். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் பேச வேண்டும். துரோகத்தைக் கத்திச் சொன்னவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

'குலம், இக்காலுயிட்டில் அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது' என்றான். குலம் என்றால் நான்தான்.

'எந்த வேலை?'

'நீ கேட்ட வேலை.'

'நீயும் கேட்டாயா?'

புருவத்தை உயர்த்தினான்.

'உனக்குத் தெரிந்தது முழுக்க நான் சொல்லித் தந்தது' என்றேன்.

'ஓம்' என்றான். 'அதனால் எனக்கு அது தெரியும்.'

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சொன்னேன், இன்யூட் ஆள் என்ற ஒன்றுக்காகத்தான் உன்னை எடுத்தார்கள் என்று. அவன் மறுக்கவில்லை. 'நீதான் மண்டபத்தில் சொன்னாய். ஊர் எஞ்சினுக்கு ஊர் ஆள்தான் மேலாள் என்று. நான்தான் மொழிபெயர்த்தேன்' என்றான்.

'நான் சொன்னது வேறு நாட்டைப் பற்றி' என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. யோசித்தான். அவர்கள் யோசிக்கத் தொடங்கினால் நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வரலாம். பிறகு கேட்டான்: 'அந்தத் தொழிற்சாலையில் உனக்கு மேலே இருந்தவர் கெட்டவரா?'

'இல்லை' என்றேன். 'நல்ல மனிதர். என் கலியாணத்துக்கு வந்தவர்.'

புருவத்தை உயர்த்தினான். காதடைப்பானை என் தலையில் திரும்ப மாட்டிவிட்டுப் போனான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், பிள்ளை? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வேலை போகட்டும். நான் அதை விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவன் போனால் லிடியாவும் போவாள், பிள்ளைகளும் போவார்கள். இக்காலுயிட் பக்கத்து ஊர் இல்லை. தெரு இல்லை, விமானம்தான். தம்பி? அது எனக்கு அடுத்த நாள்தான் உறைத்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். 'நீங்கள் போங்கள், நிமலன் எங்களோடு இருக்கட்டும். கொஞ்ச நாளில் நாங்கள் டொரொண்டோவுக்குப் போய்விடுவோம், நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம்' என்றேன். பவ்லூசி லிடியாவைப் பார்த்தான். லிடியா அவனைப் பார்த்தாள்.

'நிமலனைக் கேட்போம்' என்றான்.

எட்டு வயதுப் பிள்ளை. அதைக் கேட்பதாம். பிள்ளையை வைத்திருக்க விருப்பமென்றால் விருப்பம் என்று சொல்ல வேண்டும், தர விருப்பமென்றால் தர வேண்டும். ஒரு தகப்பன் என்றால் முடிவெடுக்க வேண்டும். இவன் பிள்ளைக்கும் ஒரு வாக்கெடுப்பு வைக்கிறான்.

அப்போதுதான் எனக்கு ஆகத்தாவின் நினைவு வந்தது. அங்கே பிள்ளை கொடுத்து வாங்குவது வழக்கம். அக்காவின் பிள்ளை தங்கையிடம் வளரும், மாமியிடம் வளரும், சிநேகிதியிடம்கூட வளரும். நீதிமன்றம் தேவையில்லை, வாய்ச்சொல் போதும். அரசாங்கமும் அதை ஏற்றுக்கொண்டு, வழக்கம் தெரிந்த ஆள் ஒருவரை ஊருக்கு ஊர் வைத்திருந்தது. எங்கள் ஊரில் ஆகத்தா. கூட்டுறவுக் கடையில் காசு வாங்குகிறவள். அவள் கதிரையில் இருக்கும்போதே போய்க் கேட்டது என் பிழை. எனக்குப் பின்னால் சாமான் கூடையோடு அரை ஊர் நின்றது.

'உங்கள் வழக்கப்படி நிமலன் என்னுடைய ஆள். அதை நீ உறுதிப்படுத்து' என்றேன்.

'எப்படி உன்னுடைய ஆள்?'

'என் தம்பியின் பெயர். என் தம்பி.'

'ஓம், உன் தம்பி' என்றாள் ஆகத்தா, உறைந்த கோழியை எடுத்து வைத்தபடி. 'தத்தெடுப்பது பிள்ளையை. தம்பியைத் தத்தெடுத்த மனிதனை நான் கண்டதில்லை.'

எனக்குப் பின்னால் ஒருத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். 'இது என் அப்பா. இவரை நானும் தத்தெடுக்கட்டா? பிறகாவது சொன்னது கேட்பாரா?' என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர்களுக்கு எல்லாம் பகிடி.

ஆகத்தா சிரிக்கவில்லை. கோழியைக் கீழே வைத்தாள். 'குலம், நீ லிடியாவிடம் பிள்ளையைக் கேட்டாயா? அது குழந்தையாக இருந்தபோது?'

'எதைக் கேட்பது?'

'எனக்கு மகளாகத் தா என்று. பிள்ளை இல்லாதவர்கள் கேட்பார்கள். கேட்டால் நாங்கள் கொடுப்போம். லிடியா தந்திருப்பாள். நீ கேட்பாய் என்று அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். நீ ஒருநாளும் கேட்கவில்லை. அதனால் நிமலன் உனக்குத் தம்பி மட்டும்தான்.'

பாருங்கள் அநியாயத்தை. பிள்ளையைத் தா என்று வாய்விட்டுக் கேட்கிறதற்கு நான் என்ன பிச்சைக்காரனா? நம்மிடம் யாராவது கேட்பார்களா? விருப்பம் இருந்தால் கொடுக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் எட்டு வருடம் சாப்பாடு கொடுத்தேன், அரிச்சுவடி படிப்பித்தேன், சைக்கிள் பழக்கினேன். அது கேட்டது இல்லையா?

பரமேசிடம் வந்து சொன்னேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிசைந்த கையை நிறுத்தினாள். பிறகு, 'தந்திருப்பாள் எண்டே சொன்னவள்?' என்று கேட்டாள்.

'ஓம். கதை சொல்லுறாள்.'

'நான் உங்களிட்டை எத்தினை தரம் சொன்னனான், கேட்டுப் பாப்பமெண்டு.' மாவை மூடி வைத்தாள். 'இப்ப பிள்ளையையாவது கேளுங்கோ. அவள் என்ன சொல்லுறாளோ அது.'

வீட்டுக்குள்ளும் அந்தப் பக்கம்தான், பிள்ளை.

ஏப்ரல் முதலாம் திகதி வந்தது. மண்டபத்தில் கொண்டாட்டம். புதுக் கொடி, மஞ்சளும் வெள்ளையும், நடுவில் சிவப்பாக ஒரு கல்லடுக்கு, மூலையில் நீல நட்சத்திரம். மேளம் கொட்டி ஆடினார்கள். நான் போகாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் பரமேஸ் ஊருக்கே உழுந்து வடை சுட்டிருந்தாள், தூக்க ஆள் வேண்டும். பவ்லூசியைப் பேசச் சொன்னார்கள். அவன் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான். பிறகு, என்னைக் காட்டி, அன்றைக்கு நான் சொன்னதை அப்படியே சொன்னான், அவர்களின் பாஷையில். எனக்கு அவ்வளவு விளங்கும். எஞ்சினைப் பற்றி, மேலாளைப் பற்றி, எல்லாம். 'இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் குலம்' என்றான். சனம் எழும்பிக் கை தட்டியது. என் வேலையை எடுத்தவன், என் வாயால் வந்த சொல்லையும் எடுத்துக்கொண்டு, அதற்கு எனக்கே கை தட்ட வைத்தான். தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பெருமை. அவளுக்கு என்ன தெரியும்.

மறுநாள் மத்தியானம் எங்கள் சமையலறையில் கேட்டார்கள். பவ்லூசியும் லிடியாவும் வந்து கதிரையில் இருந்தார்கள். தம்பி புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பரமேஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிளகாய் பொரித்தாள். பவ்லூசி ஒரே ஒரு வசனம் சொன்னான்: 'நாங்கள் சனிக்கிழமை போகிறோம், நீ எங்களோடு வரலாம், இவர்களோடு இருக்கலாம், நீ நினைப்பதைச் சொல்.' அதோடு வாயை மூடினான். லிடியாவும் மூடினாள். வா மகளே என்று ஒரு சொல். நீ இல்லாமல் எப்படி இருப்பேன் என்று ஒரு சொல். ஒன்றும் இல்லை. பெற்றவர்கள் இப்படி இருப்பார்களா? லிடியாவின் கை மட்டும் தன் சட்டை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். யாராவது சொல்ல வேண்டுமே. இந்த அறை உன்னுடையது என்றேன். டொரொண்டோவில் இதைவிடப் பெரிய அறை என்றேன். புதுச் சைக்கிள், நயாகரா, தமிழ்ப் பிள்ளைகள், கடைக்குக் கடை மாம்பழம். அண்ணா உன்னை ஒரு குறையும் இல்லாமல் பார்ப்பேன் என்றேன். நல்லாகத்தான் பேசினேன். மண்டபத்தில் பேசியதைவிட நல்லாகப் பேசினேன்.

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களைப்போலவே யோசித்தாள். பிறகு கேட்டாள்:

'அண்ணா, முந்தி நான் எங்கை போக விரும்பினனான்?'

'எப்ப முந்தி?'

'இஞ்சை வர முந்தி. யாழ்ப்பாணத்திலை.'

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. 'கொழும்புக்குப் போகவேணுமெண்டு நிண்டனீ' என்றேன். 'ஒரு சிநேகிதனோடை. சண்டை கிட்ட வருகுதெண்டு. நான்தான் ரெலிபோனிலை மறிச்சனான். கொழும்பிலை பிடிச்சு அடைப்பாங்கள், வீட்டிலை அம்மாவோடை இரு, அதுதான் பத்திரம், நான் இங்கை கூப்பிடுறன் எண்டு.'

'நான் என்ன செய்தனான்?'

'நீ நல்ல பிள்ளை. அண்ணா சொன்னது கேட்டு நிண்டனீ.'

பரமேஸ் அடுப்பை நிற்பாட்டினாள். மிளகாய் அரைகுறையில் கிடந்தது. பவ்லூசிக்கும் லிடியாவுக்கும் தமிழ் விளங்காது, அவர்கள் தங்கள் பாட்டில் இருந்தார்கள். நான் அதை ஏன் சொன்னேன் என்றால், பிள்ளை, ஓர் அண்ணன் எவ்வளவு தூரம் அக்கறையாக இருப்பான் என்று அவளுக்கு விளங்க வேண்டும் என்றுதான். தொலைபேசியில் அன்றைக்கு எல்லோருக்கும் நல்லது என்று பட்டதைத்தான் நிமலனுக்குச் சொன்னேன். உங்கள் அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

தம்பி மிச்சப் புட்டைச் சாப்பிட்டு முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். 'நான் இக்காலுயிட்டுக்குப் போறன்' என்றாள்.

சனிக்கிழமை போனாள்.